பேட்ஜில் இருப்பது விற்றவர் பெயர்

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். அங்கே பழைய டிரம் செட் ஒன்றை 150 டாலருக்கு வாங்கினேன். பதினொரு வயது மகள் பள்ளி பேண்டில் வாசிக்கிறாள், அவளுக்காக. நிறம் சிவப்பு மினுமினுப்பு. பேஸ் டிரம் 20 அங்குலம், டாம் 12, ஃப்ளோர் டாம் 14, ஸ்னேர் 14. முதல் மூன்றிலும் ‘ஸ்டூவர்ட்’ என்று பேட்ஜ், ஸ்னேரில் மட்டும் ‘மெஜஸ்டிக்’. ஸ்னேர் கம்பியைத் தளர்த்தும் விசையில் சிறிய எழுத்தில் ‘ஜப்பான்’. பேஸ் டிரம்முக்குள் பென்சிலில் ‘41-3’ என்று எழுதியிருக்கிறது, மாடல் நம்பர் என்று நினைக்கிறேன். ஒரு நண்பர் இது பேர்ல் கம்பெனி செய்தது, நல்ல விலை போகும் என்கிறார். இன்னொருவர், நாலும் நாலு இடத்தில் பொறுக்கிச் சேர்த்தது, விறகுக்குத்தான் ஆகும் என்கிறார். ஸ்டூவர்ட் கம்பெனியைப் பற்றித் தேடினால் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. இதை யார் செய்தார்கள்? மகள் வாசிக்கலாமா? டிரம்மைச் சுற்றி ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை, அதாவது ராப், ஓரத்தில் பிரிகிறது. உரித்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த வார்னிஷ் டப்பாவை எடுத்து உள்ளே வையுங்கள். ராப்பை உரிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் மகளுக்கு நல்ல பொருள்தான் கிடைத்திருக்கிறது.

ஸ்டூவர்ட் கம்பெனியைப் பற்றி எதுவும் கிடைக்காதது உங்கள் தேடலின் குறையல்ல. அந்தப் பெயரில் டிரம் விற்றார்கள், செய்தவர் வேறு. மெஜஸ்டிக்கும் அப்படித்தான். 1960களில் அமெரிக்க இறக்குமதியாளர்கள் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுப்பார்கள், கூடவே தங்களுக்கு வேண்டிய பெயரையும் கொடுப்பார்கள். தொழிற்சாலை அந்தப் பெயரில் பேட்ஜ் அடித்து டிரம்மில் பதித்துக் கப்பலில் ஏற்றிவிடும். அப்பல்லோ, கோரனெட், லைரா, கிரெஸ்ட், ரெவெல், வைட்ஹால், டோரியடோர் என்று இப்படி எத்தனையோ பெயர்கள். ஜவுளிக்கடைப் பையில் கடையின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது இல்லையா, அதே கதை.

எங்கள் தொழிலில் இவற்றை ‘ஸ்டென்சில் டிரம்’ என்போம். சொல் பியானோ வியாபாரத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைக்காரர்கள், யாரோ செய்த பியானோவை வாங்கி அதன் மூடியில் ஸ்டென்சில் வைத்துத் தங்களுக்குப் பிடித்த பெயரைத் தீட்டி விற்பார்கள். கிதாரிலும் இது நடந்தது. டெய்ஸ்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கிதார்கள் அமெரிக்காவில் சில்வர்டோன், கென்ட், கிங்ஸ்டன் என்று பல பெயர்களில் விற்றன. சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலிருந்தே, இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நாட்டின் பெயரைத்தான் கேட்டார்கள், தொழிற்சாலையின் பெயரைக் கேட்கவில்லை. உங்கள் ஸ்னேர் விசையில் ‘ஜப்பான்’ மட்டும் இருப்பது அதனால்தான். மற்ற டிரம்களில் ஒட்டியிருந்த சிறிய தாள் ஸ்டிக்கர் இத்தனை வருடங்களில் உதிர்ந்திருக்கும்.

இவ்வளவு டிரம் ஏன் தேவைப்பட்டது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இது தெரிந்தால்தான் உங்கள் செட்டின் இடம் எது என்று புரியும். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் முதல்முறையாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையில் வாசித்தது. ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். மேடையில் ரிங்கோ ஸ்டார் உயரத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் பேஸ் டிரம்மின் முகத்தில் ‘லுட்விக்’ என்ற பெயர். மறுநாளிலிருந்து அமெரிக்காவில் ஒவ்வொரு வீட்டுப் பையனுக்கும் டிரம் வேண்டும் என்றானது. சிகாகோவில் இருந்த லுட்விக் தொழிற்சாலை இரவு பகலாக ஓடியும் கேட்ட அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. அப்படியே கிடைத்தாலும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற விலை இல்லை.

அந்த இடத்துக்குள்தான் ஜப்பான் வந்தது. 1949இலிருந்து 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் நிலையாக இருந்தது. அமெரிக்கக் கடையில் 100 டாலர் என்பது ஜப்பானில் 36,000 யென். அந்த விகிதத்தில் ஜப்பானியத் தொழிற்சாலை மலிவாக விற்றும் லாபம் பார்க்க முடிந்தது. 1971 கடைசியில் டாலர் 308 யென்னாக இறங்கியது, 1973இலிருந்து விகிதம் மிதக்க ஆரம்பித்தது. அதன்பிறகு மலிவு டிரம் தொழில் மெல்லத் தைவான் பக்கம் நகர்ந்தது. உங்கள் செட்டில் தைவான் என்று எங்கும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் செட்டுக்கு வருகிறேன்.

‘41-3’ மாடல் நம்பர் அல்ல என்றுதான் நினைக்கிறேன். ஜப்பானில் ஆண்டை அரசரின் ஆட்சிக்காலக் கணக்கிலும் எழுதுவார்கள். அப்போது நடந்தது ஷோவா காலம், அதன் முதலாம் ஆண்டு 1926. ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நமக்குத் தெரிந்த ஆண்டு வரும். அவர்கள் ஆண்டை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவார்கள். 41-3 என்றால் 1966 மார்ச். வெறும் பென்சில் எழுத்தை மட்டும் நம்பி நான் இதைச் சொல்ல மாட்டேன், அது ஏதோ ஒரு அடுக்கின் எண்ணாகவும் இருக்கலாம். ஆனால் செட்டின் மற்ற அடையாளங்களும் அதே காலத்தைத்தான் காட்டுகின்றன. டாமைத் தாங்குவது பேஸ் டிரம்மின் மேல் திருகிய ஒற்றை ரெயில். 70களில் வந்த பருமனான குழாய் மவுண்ட் இல்லை. ஸ்டாண்டுகளின் கால்கள் மெல்லிய பட்டைத் தகடு. அடி வாங்கும் பரப்பான ஹெட்டுகள் தோல் அல்ல, பிளாஸ்டிக். ரெமோ பெல்லி 1957இல் பிளாஸ்டிக் ஹெட்டைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தார், அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே கன்றுத்தோல் வழக்கொழிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1960களின் நடுப்பகுதி. பென்சில் எழுத்து அதோடு ஒத்துப்போகிறது.

செய்தவர் யார் என்ற கேள்விக்கு, அந்தக் காலத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். யமஹாவை முதலில் ஒதுக்கிவிடலாம். ஹமாமட்சுவில் 1887இலேயே தொடங்கிய பெரிய நிறுவனம்தான், ஆனால் டிரம் செட்டுக்கு 1967இல்தான் வந்தது. வந்ததும் சொந்தப் பெயரிலேயே விற்றது. (அந்த யமஹா டிரம்களையும் செய்து கொடுத்தது ஒசாகாவில் 1925இல் தொடங்கிய சகாயே என்ற நிறுவனம். பெரிய பெயர் போட்ட பேட்ஜுக்குப் பின்னாலும் இன்னொரு கை இருந்தது.) அடுத்தது நகோயாவின் ஹோஷினோ. 1908இல் ஒரு புத்தகக் கடையின் இசைப் பிரிவாகத் தொடங்கியது. 1962இல் டாமா என்ற பெயரில் தொழிற்சாலை கட்டி, 1965இல் ‘ஸ்டார்’ என்ற பெயரில் டிரம் கொண்டுவந்தது. இன்று உலகம் அறிந்த ‘டாமா’ பேட்ஜ் 1974இல்தான் வந்தது. காலக்கணக்கின்படி ஹோஷினோவை ஒதுக்க முடியாது.

மூன்றாவது பேர்ல். கட்சுமி யனகிசாவா 1946இல் டோக்கியோவின் சுமிடா பகுதியில் இசைக்குறிப்புத் தாள் வைக்கும் ஸ்டாண்டுகள் செய்யத் தொடங்கினார். 1950இல் டிரம் பக்கம் திரும்பினார். அவருடைய மூத்த மகன் மிட்சுவோ 1957இல் சேர்ந்து ஏற்றுமதிப் பிரிவை உண்டாக்கினார். 1961இல் சிபாவில் 15,000 சதுர அடியில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. விலை குறைந்த டிரம் செட்டுகளை விநியோகஸ்தர்களின் பெயர் போட்டு அனுப்புவதுதான் அதன் வேலை. முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அங்கிருந்து சரக்கு போனது. மேலே நான் சொன்ன அப்பல்லோ, கோரனெட், லைரா எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவைதான். ஸ்டூவர்ட்டும் இருக்கிறது, மெஜஸ்டிக்கும் இருக்கிறது.

ஆக, உங்கள் முதல் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. இரண்டாமவர் குறையாகப் பார்த்த விஷயம்தான் அதற்கு நல்ல சாட்சி. இரண்டு பெயர் இருப்பதால் பொறுக்கிச் சேர்த்தது என்று அவர் நினைக்கிறார். நான் படங்களில் முதலில் பார்த்தது லக்குகளை, அதாவது ஹெட்டை இறுக்கும் திருகுகள் போய்ச் சேரும் உலோகப் பிடிகளை. நான்கு டிரம்களிலும் ஒரே வடிவம், ஒரே வளைவு, நடுவில் ஒரே வரி. ராப்பைப் பாருங்கள், சிவப்புத் துகள்களின் அளவும் நெருக்கமும் ஒன்றுபோல இருக்கின்றன. ராப் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிகிற இடத்தின் அகலமும் ஒன்றே. இரண்டு வேறு விநியோகஸ்தர்களின் பெயர், ஒரே கைவேலை. இருவருக்கும் ஒரே தொழிற்சாலை சரக்கு கொடுத்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நான்கிலும் ஸ்டூவர்ட் என்றே இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுதி வந்திருக்காது.

ஆனாலும் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நான் எடுக்கப் போவதில்லை. பல வருடங்களுக்கு முன்பு ஒருவர் இதேபோல ஒரு செட்டைக் கொண்டுவந்தார். லக்கை மட்டும் பார்த்துவிட்டு, இன்னார் செய்தது என்று ஒரு பெயரை அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் அந்த வார்த்தையை நம்பி ஒரு விலை கொடுத்து வாங்கினார். சில மாதங்கள் கழித்து அதே லக், அச்சு அசலாக, வேறொரு தொழிற்சாலையின் சொந்தப் பெயர் தாங்கிய டாமில் என் மேசைக்கே வந்தது. ஜப்பானில் அந்தக் காலத்துத் தொழில் முறை அப்படி. பெரிய தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் தாங்களே செய்யவில்லை. நாலைந்து பேர் வேலை செய்யும் சிறிய பட்டறைகள் வார்ப்பு, முலாம், கம்பி என்று தனித்தனியாகச் செய்து பலருக்கும் கொடுத்தன. அந்த மனிதரிடம் தொலைபேசியில் பேசி என் தவறைச் சொன்னேன். அன்றிலிருந்து ஒரே ஒரு அடையாளத்தை வைத்து நான் பெயர் சொல்வதில்லை. இறக்குமதியாளரும் ஒரு தொழிற்சாலைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. இந்த வருடம் இங்கே வாங்கி அடுத்த வருடம் இன்னொருவரிடம் வாங்கினாலும் பேட்ஜ் அதேதான்.

அதனால் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தன் வாத்தியத்தைப் பிரித்துப் பார்த்த பிள்ளை அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். 12 அங்குல டாமில் தொடங்குங்கள். டிரம் கீ என்ற சிறு சாவியால் எதிரெதிர்த் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி ஹெட்டைக் கழற்றுங்கள். உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். டிரம்மின் உடலான ஷெல் மெல்லிய பிளைவுட்டாக இருக்கும், மேலும் கீழும் ஓரங்களில் ஒரு மரவளையம் ஒட்டியிருக்கும். மெல்லிய ஷெல் வட்டம் கெடாமல் இருக்க வைத்த வளையம் அது. மரம் செம்பழுப்பாகவும் நுண்துளைகளோடும் இருந்தால் லவான். பிலிப்பைன்ஸ் காடுகளிலிருந்து ஜப்பானுக்குக் கட்டை கட்டையாக வந்த மரம். நம் சால மரத்தின் உறவு, இரண்டும் ஒரே குடும்பம். போருக்குப் பிந்தைய ஜப்பானின் பிளைவுட் தொழிலே இந்த மரத்தின் மேல்தான் நின்றது. மேப்பிளும் பிர்ச்சும் தரும் கூர்மையான ஒலி இதில் வராது. அடித்தால் ஓசை உருண்டையாக, கொஞ்சம் கதகதப்பாக வரும், சீக்கிரம் அடங்கும். எனக்கு அந்த ஒலி மிகவும் பிடிக்கும்.

பிறகு ஒரு லக்கை மட்டும் உள்ளிருந்து திருகு கழற்றி எடுங்கள். பின்பக்கம் குடைவாக இருக்கும், நடுவில் ஒரு சுருள்வில், அது தாங்கும் ஒரு சிறு நட்டு. குடைவின் உள்ளே ஏதாவது எண்ணோ எழுத்தோ வார்ப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு திருகுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஸ்னேரிலும் ஒரு லக்கைக் கழற்றி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் குப்புற வைத்துப் படம் எடுங்கள். முகத்தில் ஒன்றுபோல இருப்பவை முதுகில் வேறாக இருக்கலாம். ஒரு வடிவத்தைப் பார்த்து இன்னொரு பட்டறை நகலெடுக்கும்போது முன்பக்கத்தைத்தான் ஒப்பாக்குவார்கள், பின்பக்கத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. முதுகும் ஒன்றாக இருந்துவிட்டால் ஸ்னேரும் செட்டும் ஒரே இடத்துப் பிள்ளைகள் என்பதற்கு அது இன்னொரு நல்ல சாட்சி.

லக்கை எடுத்ததும் அதன் கீழே ராப்பின் நிறத்தையும் பார்ப்பீர்கள். அறுபது வருடம் வெளிச்சம் படாத இடம் அது. வெளியே இருப்பது செங்கல் நிறம் என்றால் உள்ளே மாதுளைமுத்துப் போல ஜொலிக்கும். மங்காத நிறம் சரியாக லக்கின் வடிவத்திலேயே இருந்தால், அந்த லக் முதல் நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு வடிவத்தில் தடம் தெரிந்தாலோ, உபயோகமில்லாத துளை ஏதாவது இருந்தாலோ, பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஃப்ளோர் டாம் கால்களைப் பிடிக்கும் பிராக்கெட், பேஸ் டிரம்மின் பக்கக் கால்கள், ரெயிலின் அடித்தகடு, ஸ்னேர் விசை, டாமுக்குள் ஓசையை அடக்கும் மஃப்ளரின் குமிழ் ஆகிய ஐந்தையும் இதே கண்ணோடு பாருங்கள். பேர்ல் தன் சொந்தப் பெயரில் அதே ஆண்டுகளில் விற்ற செட்டுகளின் படங்களைச் சேகரிப்பவர்கள் நிறைய வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்தில் குறைந்தது மூன்று அவற்றோடு பொருந்தினால் நானே ‘பெரும்பாலும்’ என்பதை அடித்துவிடுவேன்.

பழைய ஹெட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். அவற்றின் வளையத்திலோ ஓரத்திலோ சிறிய எழுத்துகள் இருக்கலாம். பேட்ஜ் மறைத்ததைச் சில சமயம் ஹெட் சொல்லிவிடும்.

விலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். பேர்ல் செய்தது என்று நாளை உறுதியானாலும் இது விலை உயர்ந்த பேர்ல் ஆகிவிடாது. அந்த நிறுவனத்தின் முதல் தொழில்முறைச் செட்டான பிரெசிடென்ட் வரிசை வந்தது 1966இல், உங்கள் பேஸ் டிரம்மில் பென்சில் பட்ட அதே வருடம். சேகரிப்பவர்கள் தேடுவது அதை. உங்களுடையது கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கென்று செய்த செட். ‘பேர்ல்’ என்று போட்டு 800 டாலருக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வாங்குபவரை ஏமாற்றுவது ஆகும். நான்கும் ஒத்த நிறத்தில் ஓட்டை விழாமல் இருப்பதால் நீங்கள் கொடுத்த 150 நியாயமான விலை.

சரி, மகள் வாசிக்கலாமா? தாராளமாக. இது அவள் வயதுப் பிள்ளைகளுக்காகவே செய்தது. 20 அங்குல பேஸ் டிரம்மும் 12 அங்குல டாமும் என்பதால் சின்ன உடம்புக்கு எட்டும் உயரத்தில் அமையும். ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

ஹெட் மாற்றும்போது ஒரு சிக்கல் வரலாம். அந்தக் காலத்து ஜப்பானிய ஷெல்களில் பல, இன்றைய அளவைவிட ஒரு மயிரிழை பெரியவை. புது ஹெட்டை வைத்தால் இறுகிப் பிடிக்கும், உட்காராது. உட்காராத ஹெட்டைத் திருகி இழுத்தால் சுருதி சேரவே சேராது. கோபத்தில் ஷெல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது திரும்ப வராத சேதம். அக்வேரியன் நிறுவனம் ‘அமெரிக்கன் வின்டேஜ்’ என்று கொஞ்சம் பெரிய அளவில் ஹெட் செய்கிறது, இப்படிப்பட்ட பழைய டிரம்களுக்காகவே. டாமுக்கு ஒன்று மட்டும் வாங்கி வைத்துப் பாருங்கள். கையால் வைத்ததும் தடையில்லாமல் சுழல வேண்டும், அதுதான் சோதனை. பொருந்தினால் மற்றவற்றுக்கும் வாங்கலாம்.

லக்குகள் துத்தநாகக் கலவை வார்ப்பு. பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே உடையக்கூடியவை. இறுக்கும்போது கை நின்ற இடத்தில் நிறுத்த மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். தொலைந்துபோன திருகுக்கு மாற்று வாங்கும்போது இன்றைய திருகு பொருந்தும் என்று நம்பி முறுக்க வேண்டாம். பழைய திருகு ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போங்கள். புதியது விரலாலேயே நாலு சுற்று போக வேண்டும், கீயை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். அடிக்கும்போது எங்கோ ‘கிர்ர்’ என்று ஒரு அதிர்வு கேட்டால் அது லக்குக்குள் இருக்கும் சுருள்வில். கழற்றி, வில்லைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு திணித்தால் நின்றுவிடும். மஃப்ளரும் அப்படிக் கிலுகிலுக்கும், அதன் திருகை இறுக்கினாலே போதும்.

குரோம் மேல் துரு இருப்பதைப் பார்த்தேன். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். முலாம் உரிந்து குழி விழுந்த இடங்கள் அப்படியே இருக்கட்டும்.

ஸ்டாண்டுகளும் பெடலும் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். அந்தத் தட்டைக் கால் ஸ்டாண்டுகள் சிம்பல் கனத்தில் சாயும், பிள்ளை காலில் விழும். செட்டோடு வந்த சிம்பல்கள் மெல்லிய பித்தளைத் தகடு, தட்டினால் தட்டுமுட்டுச் சாமான் சத்தம்தான் வரும். அதற்குச் செலவு செய்யும் மனமிருந்தால் பழைய நல்ல ஹை-ஹேட் ஒரு ஜோடி தேடுங்கள். சரியான உயரத்துக்கு ஏற்றி இறக்கும் ஸ்டூலும், காதை மூடும் நல்ல பாதுகாப்பும் கட்டாயம். டிரம் அடித்துக் கேட்கும் திறன் குறைந்துபோன நண்பர்கள் எனக்கு உண்டு. பதினொரு வயதுக் காது அது, முதல் நாளிலிருந்தே பழக்கிவிடுங்கள்.

கடைசியாக ராப். உரித்தால் அடியில் அழகான மரம் இருக்கும், வார்னிஷ் அடித்தால் மின்னும் என்று நினைக்கிறீர்கள். இருக்காது. ராப்பால் மூடப்போகிறோம் என்று தெரிந்து செய்த ஷெல் அது. வெளி அடுக்கில் ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும், உரிக்கும்போது மரமே சிம்பு சிம்பாகக் கூட வரும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நான் இவ்வளவு நேரம் படித்த சாட்சிகளில் பாதி அந்த ராப்பில்தான் இருக்கின்றன. துகளின் அளவு, ஒட்டின் அகலம், லக்கின் கீழ் மங்காத நிறம் எல்லாம் அதோடு போய்விடும். பிரிந்த ஓரத்தை மட்டும் ஒட்டினால் போதும். இடுக்கில் இருக்கும் தூசியைத் தூரிகையால் தட்டி, கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை மெல்லிய குச்சியால் இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு அழுத்துங்கள். மேலே ஒரு துணியை வைத்துக் கட்டி ஒரு இரவு விடுங்கள். ஹேர் டிரையரைக் காட்ட வேண்டாம். அந்தக் காலத்து ராப்புகளில் செல்லுலாய்டு உண்டு, அது சூட்டில் சுருங்கும், நெருப்பு பட்டால் பற்றி எரியும். தின்னரும் அசிட்டோனும் அதைக் கரைத்துவிடும். துடைக்க மிதமான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். ஹீட்டருக்குப் பக்கத்திலும் நேர் வெயிலிலும் செட்டை வைக்காதீர்கள்.

ஸ்னேரின் மெஜஸ்டிக் பேட்ஜைக் கழற்றிவிட்டு ஸ்டூவர்ட் பேட்ஜ் ஒன்று தேடிப் போடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். செய்யாதீர்கள். அந்த இரண்டு பெயர்களும் அங்கே இருப்பதால்தான் இவ்வளவு தூரம் வந்து சேர முடிந்தது.

லக்குகளைக் குப்புற வைத்து எடுத்த படமும், திருகு இடைவெளியின் அளவும், ஃப்ளோர் டாம் பிராக்கெட்டின் நெருக்கமான படமும் எனக்கு வேண்டும். பென்சில் எழுத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு முறை எடுங்கள். உங்கள் படத்தில் ‘3’க்குப் பிறகு இன்னொரு கோடு இருப்பதுபோலத் தெரிகிறது. அது தேதியாக இருந்தால், 1966 மார்ச்சில் எந்த நாள் என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்